சிரிக்காத மூஞ்சியும் ஒரு கேஸ் மாத்திரையும்

எனக்கு நோய் வந்திருக்கிற சேதியை முதலில் சொன்னது ஒரு ஜோக்.

நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் எனக்குத் தீவனப் பொறுப்பு. மக்காச்சோளம் எவ்வளவு, சோயா எவ்வளவு, கிளிஞ்சல் எவ்வளவு, எந்த வாரம் எந்த மருந்து என்று பார்த்து, அரைத்து, ஷெட்டுக்கு அனுப்ப வேண்டும். அது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. சம்பளமில்லாமல் செய்கிற வேலை ஒன்று உண்டு: ஆட்களைச் சிரிக்க வைப்பது. இழவு வீட்டுக்குக் கேதம் கேட்கப் போனால்கூட என்னைக் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார வைப்பார்கள்.

ஒரு நாள் காலையில் முதலாளி தீவன அறைக்கு வந்தார். நான் அவரிடம், இன்று வெள்ளிக்கிழமை, மூன்றாம் ஷெட் கோழியெல்லாம் விரதம், தீவனம் வேண்டாம் என்று சொல்லிவிட்டன என்றேன். முதலாளி சிரிக்கவில்லை. வெளியே போய்க் கோழி டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் இருந்த வேலையைப் போட்டுவிட்டு பைக்கில் வந்தார். மூன்றாம் ஷெட்டில் கோழிகள் நன்றாகத் தின்றுகொண்டிருந்தன. அவற்றை ஒரு பார்வை பார்த்தார், என்னை அதைவிட நீளமாகப் பார்த்தார், போய்விட்டார்.

ஜோக் மோசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் ஜோக்குகளில் பாதி மோசம்தான் என்பதால் சந்தேகம் ஏதும் வரவில்லை.

அடுத்து வீட்டில் ஆரம்பித்தது. என் மனைவி சரோஜா என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் பேச்சில் எது உண்மை எது கேலி என்று கேட்டதே இல்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். அவள் இப்போது நான் எது சொன்னாலும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, நெசமாச் சொல்றீங்களா, வெளையாட்டுக்குச் சொல்றீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாள். சேலத்தில் இருக்கும் மகள் கவிதா வீடியோவில் பேசும்போது, அம்மாவோடு சண்டையா என்று விசாரித்தாள். சண்டையெல்லாம் இல்லை. நான் சிரித்துக்கொண்டுதான் பேசினேன். அதாவது, சிரிப்பதாக நினைத்துக்கொண்டு பேசினேன்.

ஒரு கல்யாணப் போட்டோ வந்தபிறகுதான் விஷயம் விளங்கியது. மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், சமையல்காரர் உட்பட எல்லோரும் பல் தெரிய நிற்கிறார்கள். நடுவில் நான் ஆதார் அட்டையில் இருப்பதுபோல நிற்கிறேன். அந்த நிமிஷம் நான் என்ன சொன்னேன் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. அவர்கள் சிரிப்பதே என் ஜோக்குக்குத்தான்.

முகத்தோடு நிற்கவில்லை. கை இரண்டும் சும்மா இருக்கும்போது நடுங்கின. மூட்டைச் சீட்டில் எழுதுகிற எழுத்து வரவரச் சிறுத்து, வரியின் முடிவில் எறும்பு போல ஆனது. பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர்கள் ஒரு கைக்கு மூன்று முட்டை எடுப்பார்கள். நானும் எடுப்பேன், அது ஒரு சின்னப் பெருமை. இப்போது இரண்டு எடுத்தால் ஒன்று தரைக்குப் போனது. நடை பொடிநடையானது. திரும்ப வேண்டுமென்றால் லாரி ரிவர்ஸ் எடுப்பதுபோல முன்னே பின்னே போய்த்தான் திரும்பினேன்.

உள்ளூரில் டாக்டர்களைப் பார்த்தோம். ஒருவர் கழுத்தெலும்பு தேய்மானம் என்றார். இன்னொருவர் தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டபின் இன்னும் மெதுவானேன். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? நானும் சரோஜாவும் ஒரே குரலில், பிரஷருக்கு ஒன்று, அவ்வளவுதான் என்போம். கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல அத்தனை உறுதியாகச் சொல்வோம்.

கடைசியில் ஒரு நாள் தீவன அறையில் யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினேன். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. அரவை இயந்திரத்தின் ஓரத்தில் நெற்றி பட்டுப் பிளந்தது. நாமக்கல்லில் தையல் போட்ட டாக்டர், எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தார். நடந்து முடிப்பதற்குள் சேலத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரின் பெயரை எழுதி முடித்துவிட்டார்.

சேலத்து ஆஸ்பத்திரியில் நெற்றிக் காயத்துக்காகவும் பரிசோதனைக்காகவும் சில நாள் படுக்க வேண்டும் என்றார்கள். நரம்பியல் டாக்டர் ஓர் அம்மா. மகள் வயதுதான் இருக்கும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னார். கையை மூடித் திறக்கச் சொன்னார். நடக்கவிட்டார். பின்னால் நின்று தோளைப் பிடித்துச் சட்டென்று இழுத்தார். நான் மூட்டை மாதிரி அவர் மேலேயே சாய்ந்தேன். நல்ல வேளை, அவர் தயாராக நின்றிருந்தார். முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்து, பல்சக்கரம் போல விட்டுவிட்டு அசைகிறது என்று பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டரிடம் சொன்னார்.

பிறகு மூளையை எம்ஆர்ஐ எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் படுக்க வைத்து காதில் பஞ்சு வைத்தார்கள். உள்ளே ஒரு போர்வெல் லாரி ஓடியது. போர்வெல்லுக்குப் பேர்போன திருச்செங்கோட்டுக்காரன் எவனோ என் தலையில் தண்ணீர் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். வெளியே வந்ததும் அந்த டெக்னீஷியனிடம், எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று கேட்டேன். அவர் பயந்துபோய் சரோஜாவைக் கூப்பிட்டு, சாருக்குக் குழப்பம் இருக்கிறதா என்று விசாரித்தார்.

படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் டாக்டரம்மா, பார்ப்பதற்கு பார்க்கின்சன் நோய் போலத்தான் இருக்கிறது என்றார். நடுக்குவாதம் என்று நம் ஆட்கள் சொல்வது. மூளையில் ஒரு பகுதியில் டோபமின் என்ற சரக்கைச் செய்கிற செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். அந்தச் சரக்கு குறைந்தால் அசைவு குறையும், நடுக்கம் வரும், முகம் மரத்துப்போகும். மாத்திரை உண்டு, நன்றாகவே வேலை செய்யும், ஆனால் நோய் பின்னால் வந்துகொண்டேதான் இருக்கும். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது என்றார். இந்த நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் ஆரம்பிக்கும், உங்களுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக வந்திருக்கிறது, அதுவும் சீக்கிரமாக. இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று போனார். போகும்போது அதே கேள்வியைக் கேட்டார். நாங்கள் அதே சாட்சியைச் சொன்னோம்.

பயந்தேனா என்று கேட்டால், பயந்தேன். நடுக்கத்துக்கு அவ்வளவு பயமில்லை. கை நடுங்கினால் டம்ளரைக் கொஞ்சம் குறைவாக நிரப்பிக்கொள்ளலாம். முகம் திரும்பி வராதோ என்பதுதான் பயம். மிச்ச காலம் முழுக்க நான் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் சரோஜா நெசமா, வெளையாட்டா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அலுத்துப்போய்க் கேட்பதை நிறுத்திவிடுவாள். அன்றோடு என் கடை மூடியது.

பக்கத்துக் கட்டிலில் அந்தோணி அண்ணன் இருந்தார். சேலம் டவுன்காரர், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இருந்தது அசல் பார்க்கின்சன், பல வருஷமாக. மாத்திரை அளவை மாற்றிப் பார்ப்பதற்காகச் சேர்த்திருந்தார்கள். அவருடைய முகமும் என்னுடையதுபோலச் செதுக்கி வைத்த முகம். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் வார்டுக்கு வருகிறவர்கள் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொண்டு மெதுவாக நடந்தார்கள்.

அவருக்கு ஒரு தொந்தரவு உண்டு. கதவு நிலைக்கு வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் சிலைபோல நிற்பார். பிறகு வாய்க்குள்ளேயே, "போலாம் ரைட்" என்று சொல்லிக்கொள்வார். உடனே கால் எழும்பும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு என் நோயே மறந்துவிட்டது. எப்படியண்ணா என்று கேட்டேன்.

"தெரியல தம்பி. நானா போகணும்னா போக மாட்டேங்குது. யாரோ விசில் குடுத்தா போகுது. முப்பது வருஷமா நான் சொல்லி வண்டி நகர்ந்துச்சு. இப்ப நானே வண்டி, நானே கண்டக்டர்."

டாக்டரம்மாவிடம் கேட்டேன். உண்மைதான் என்றார். தானாக நடக்கிற பாதை மூளையில் பழுதானாலும், வெளியிலிருந்து வருகிற சத்தத்துக்கோ தாளத்துக்கோ அசைகிற பாதை வேறு. அது வேலை செய்யும். எனக்கு அதைக் கேட்டதும் ஆஸ்பத்திரி பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து ரவுண்ட்ஸ் வருகிற டாக்டர்களை நான்தான் அதிகம் கேள்வி கேட்டேன். அவர்கள் என் கட்டிலைக் கடைசியில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அந்தோணி அண்ணனிடம்தான் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். நான் என் விரதக் கோழி ஜோக்கை அவரிடம் சொன்னேன். முகம் அசையவில்லை. சரி, இங்கேயும் போணியாகவில்லை என்று திரும்பிப் படுக்கப் போனவன், அவர் தோளைப் பார்த்தேன். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. கட்டில்கூடக் கொஞ்சம் ஆடியது. மனுஷன் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். முகத்துக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை.

பில் என்று ஒன்று இருந்தது. அதை மகளும் மாப்பிள்ளையும் என் கண்ணில் காட்டவில்லை. பணம் கட்டுகிற கவுண்டருக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் கவிதா கையில் ஓர் ஆரஞ்சு இருக்கும். ஆரஞ்சு வாங்கப் போனதாகப் பேர். தோலை உரித்து, சுளையில் நாரெல்லாம் எடுத்து என் வாயில் கொடுப்பாள். சின்ன வயதில் அவளுக்கு நான் உரித்துக் கொடுத்ததாக நினைவில்லை, நானேதான் தின்றிருப்பேன். சரோஜா என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். என் கை நடுங்கிக் கட்டில் கம்பியில் தட்டும் சத்தம் அவளுக்குக் கேட்கும். எழுந்து, கேட்காமலேயே தன் முந்தானையைக் கம்பியில் சுற்றிவைத்தாள்.

இனி அந்தக் காலை.

இட்லி வந்து போனபிறகு அந்தோணி அண்ணன் ஏப்பம் விட்டார். அடுத்து இன்னொன்று. மூன்றாவதாக வந்தது, பஸ் ஏர் பிரேக் போடுகிற மாதிரி. நெஞ்சைத் தடவிக்கொண்டு, வயிறு கல் மாதிரி இருக்கிறது தம்பி என்றார்.

இதுமாதிரி நேரத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் யோசிக்க மாட்டார்கள். கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். என் பையில் எப்போதும் கேஸ் மாத்திரை அட்டை ஒன்று இருக்கும். காலையில் எழுந்ததும் முதலில் அதில் ஒன்று, அதற்கப்புறம்தான் டீ. கிடா விருந்துக்குப் போனால் எனக்கு ஒன்று, பக்கத்து இலைக்கு ஒன்று. விருந்து முடிந்து கை கழுவுகிற இடத்தில் நான் நின்று திருநீறு கொடுப்பதுபோலக் கொடுத்த காலமெல்லாம் உண்டு. என்னிடம் வாங்காதவர் எங்கள் சொந்தத்தில் குறைவு. லாரிக்காரர்கள், போர்வெல் வண்டிக்காரர்கள், நேரத்துக்குச் சாப்பிடாத யாரானாலும் சரி, இதுதான் வெற்றிலை பாக்கு.

ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் அட்டையைக் கொண்டுவந்திருந்தேன். தினமும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒளித்துப் போடவில்லை. நர்ஸ் எதிரிலேயே போட்டிருப்பேன். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி அந்தோணி அண்ணன் கையில் வைத்தேன். தண்ணீர் பாட்டிலையும் திறந்து கொடுத்தேன். "போட்டுக்குங்ணா. கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள எறங்கிப்போயிரும்."

அவர் கை வாய்க்குப் போவதற்குள் வாசலிலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது.

"ஐயா, அதைப் போடாதீங்க. அப்படியே கீழ வைங்க."

குரல் உயரவில்லை. ஆனாலும் அந்தோணி அண்ணன் அப்படியே நின்றார். அவர் நிற்பதற்குப் பழகியவர். டாக்டரம்மா வந்து அந்த மாத்திரையை எடுத்து, என் கையிலிருந்த அட்டையையும் வாங்கி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"இது யாரோடது?"

"என்னுதுங்க. கேஸ் மாத்திரைங்க."

"எத்தனை நாளா சாப்பிடுறீங்க?"

நான் சரோஜாவைப் பார்த்தேன். அவள் கணக்குச் சொன்னாள். கவிதா கல்யாணத்துக்கு முந்தின மாதம் பந்தல், பத்திரிகை என்று அலைந்து வயிற்றெரிச்சல் வந்தபோது ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு. இப்போது கவிதாவின் பெண் பள்ளிக்கூடம் போகிறாள்.

"நான் கேட்டப்ப வேற மாத்திரை இல்லைன்னு சொன்னீங்களே."

"இது மாத்திரை இல்லீங்களே" என்றாள் சரோஜா. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடுகு, பெருங்காயத்தோடு சீட்டில் எழுதி வாங்குகிற சாமான் அது.

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். இந்த ஒரு குளிகைக்குள் இரண்டு மருந்து இருக்கிறது என்றார். ஒன்று அமிலத்தைக் குறைப்பது. இன்னொன்று லெவோசல்பிரைடு, இரைப்பையைத் தள்ளி வேலை வாங்குவது. அது வேலை வாங்குகிற விதம், டோபமினை மறிப்பது. வயிற்றில் மறிக்கட்டும் என்றுதான் கொடுப்பார்கள், ஆனால் அது மூளைக்கும் போகும். ரொம்ப நாள் போட்டால், சில பேருக்கு பார்க்கின்சன் மாதிரியே எல்லாம் வரும். முகம் உட்பட. தலைசுற்றல் மாத்திரையையும் சரோஜா அப்போதுதான் எடுத்துக் காட்டினாள்; அதுவும் அதே குணம் கொண்ட மருந்துதான்.

நோய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார். எனக்கு அந்த நேரத்திலும் பெருமையாக இருந்தது. வீட்டுக்குள் விளக்குப் போட ஓர் ஆள் சாவியோடு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தோணி ஐயாவுக்கு அந்த ஆட்களே குறைந்துகொண்டு வருகிறார்கள். உங்களுக்கு ஆட்கள் வருகிறார்கள், பூட்டுத் துளையில் வேறு எதையோ திணித்து வைத்திருக்கிறோம். வெளியில் நின்று பார்த்தால் இரண்டு வீடும் இருட்டுதான்.

அந்தோணி அண்ணனுக்கு ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை. அவர் பூட்டிலும் இதைத் திணித்தால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு மாத்திரையில் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் நீங்கள் ஒன்றோடு நிறுத்துகிற ஆளாகத் தெரியவில்லை என்று மட்டும் சொன்னார். உண்மை. அட்டையில் பாதியைக் கிழித்துக் கொடுப்பதாகத்தான் இருந்தேன். என் வயிறு ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஆனால் அதற்குப் போட மாத்திரை இல்லை.

எனக்கு இதில் வெட்கமானது ஒன்று உண்டு. பண்ணையில் கோழி டாக்டர் தீவனத்தில் புது மருந்து சேர்க்கச் சொன்னால், இப்போது என்னென்ன ஓடுகிறது என்று முதலில் என்னைத்தான் கேட்பார். விரல்நுனியில் சொல்வேன். மருந்தை நிறுத்தினபின் எத்தனை நாள் கழித்து முட்டையை விற்கலாம் என்பதும் மனப்பாடம். ஆயிரக்கணக்கான கோழிகளின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆசாமிக்கு, சொந்தச் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அதையே கேட்டேன்.

"கோழிக்கு மருந்த நிறுத்துனா இத்தன நாள்னு கணக்கு இருக்குதுங்க. எனக்கு எத்தன நாளுங்க?"

"மருந்து உடம்பை விட்டு சீக்கிரம் போயிடும். மூளை பழையபடி ஆக வாரக்கணக்காகும், மாசக்கணக்காகும். சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம்."

"அப்புறம் மூஞ்சி வந்துருமுங்களா?"

"நிறைய பேருக்கு வரும். சிலருக்கு முழுசா வராது. உள்ள நிஜமான நோயே மெதுவா தொடங்கியிருந்தா, இந்த மருந்து அதை முன்னாடியே காட்டிக் குடுத்திருக்கும். அப்படின்னா மருந்தை நிறுத்தினாலும் நோய் இருக்கும்."

"எனக்கு எதுங்க?"

"தெரியாது. நிறுத்திட்டுக் காத்திருந்துதான் பாக்கணும்."

டாக்டர் ஒருவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஏனோ அதற்கப்புறம்தான் அவர் சொன்னதையெல்லாம் நம்பினேன். பிரித்துக் காட்ட ஒரு தனி ஸ்கேன் பெரிய ஊர்களில் இருக்கிறது, தேவைப்பட்டால் பிறகு பார்ப்போம் என்றார்.

கவிதா போனைத் தேய்த்துக்கொண்டே, அமிலத்துக்குப் போடுகிற மாத்திரை, தூக்க மாத்திரை இதெல்லாம் மறதி நோயைக் கொண்டுவருமாமே என்று கேட்டாள். டாக்டரம்மா அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். சில மருந்துகளைப் பற்றி அப்படிச் சந்தேகம் இருக்கிறது, ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், ஒரு முடிவுக்கு வரவில்லை. மாத்திரை அதிகம் போடுகிறவர்கள் ஏற்கெனவே நோயாளிகள். மறதி மாத்திரையால் வந்ததா, மாத்திரை போட வைத்த நோயால் வந்ததா என்று பிரிப்பது கஷ்டம்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. சித்திரை வெயிலில் கோழி செத்து விழுகிற நாளெல்லாம் ஷெட்டில் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வந்தவன் பார்த்தால், ஃபேன் போட்டதால் கோழி செத்தது என்பான். ரெண்டுக்கும் காரணம் வெயிலுங்களே என்றேன்.

அதேதான் என்றார் டாக்டரம்மா. "ஆனா சில சமயம் ஃபேன் வயர்லயே கரன்ட் கசியும். உங்க கேஸ் அது."

அந்தோணி அண்ணனின் தோள் குலுங்கியது.

குளிகையை நிறுத்தினார்கள், தலைசுற்றல் மாத்திரையையும்தான். பிரஷர் மாத்திரை தொடர்ந்தது. இதைப் படிக்கிறவர்கள் கையோடு எழுந்துபோய் வீட்டிலிருக்கிற மாத்திரையையெல்லாம் குப்பையில் போட்டுவிட வேண்டாம். நிறுத்தினால் ஆளையே சாய்க்கிற மாத்திரைகளும் உண்டு. இருப்பதையெல்லாம் ஒரு பையில் அள்ளிக்கொண்டுபோய் டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். மாத்திரை என்று நீங்கள் நினைக்காததையும் சேர்த்துக் கொட்டுங்கள்.

ஊருக்கு வந்ததும் மெடிக்கல் கடை பழனிச்சாமியைப் பார்க்கப் போனேன். பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதம். காலி அட்டையைக் காட்டினால் போதும், புது அட்டை கொடுப்பான்; கடை சாத்தியிருந்தால் வீட்டிலிருந்து எடுத்து வந்து கொடுப்பான். அவனைச் சண்டை பிடிக்கத்தான் போனேன். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நெசமா, வெளையாட்டா என்று அவனும் தேடினான். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து அதே அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான். அதில் பாதி காலி.

"நானும் இதைத்தானடா போடறேன் சாமி" என்றான்.

சண்டை அங்கேயே முடிந்தது. இரண்டு பேரும் விரல் தட்டிப் பார்த்தோம், கை நீட்டிப் பார்த்தோம். அவனுக்கு ஒன்றுமில்லை. எல்லோருக்கும் வருவதில்லையாம், யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாதாம். அவன் மறுவாரமே டாக்டரைப் பார்த்தான். இப்போது காலி அட்டையோடு வருகிறவர்களிடம் சீட்டு எங்கே என்று கேட்கிறான். வியாபாரம் கொஞ்சம் படுத்துவிட்டது என்று என்னைத் திட்டிக்கொண்டேதான் கேட்கிறான்.

நான் காத்திருந்தேன். முதல் சில வாரம் ஒரு மாற்றமும் இல்லை, நெஞ்செரிச்சல் மட்டும்தான். நேரத்துக்குச் சாப்பிட்டால் எரிச்சல் வராது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இந்த வைத்தியத்தைச் சரோஜா கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சீட்டு இல்லாததால் நான் மதிக்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடை நீண்டது. மூட்டைச் சீட்டில் எறும்பெல்லாம் பெருத்து எழுத்தாகின. ஒரு நாள் ஷெட்டில் நின்றவன், யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கையால் மூன்று முட்டை எடுத்தேன். மூன்றும் முட்டை அடுக்குகிற அட்டைக்குப் போய்ச் சேர்ந்தன. இடது கையில் முயற்சி செய்தேன். அன்று இரவு எங்கள் வீட்டில் ஆம்லெட்.

முகத்தைப் பற்றி மட்டும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியில் தன்னையே பார்த்து ஜோக் சொல்லிச் சிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? நல்ல முகம் உள்ளவனுக்கே அது சரிப்படாது. சரோஜாவையும் கேட்கவில்லை. கேட்டால் என் மனம் நோகாத பதிலைச் சொல்லிவிடுவாள்.

சமீபத்தில் மறுபரிசோதனைக்குச் சேலம் போனோம். காத்திருக்கும் கூடத்தில் அந்தோணி அண்ணன் இருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். கூட வந்த மகன் மருந்துக்கு வரிசையில் நின்றதால், சரோஜா அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் மட்டும் உள்ளே போய் வாருங்கள் என்றாள்.

டாக்டரம்மா மறுபடியும் எல்லாம் செய்ய வைத்தார். இந்த முறை தோளைப் பிடித்து இழுத்தபோது சாயவில்லை. வலது கை, நடை எல்லாம் கிட்டத்தட்டப் பழையபடி என்றார். இடது கையை மடியில் வைக்கச் சொல்லி, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். நான் கழித்துக்கொண்டிருந்தபோது அவர் என் இடது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அது பீடிக்கு இலை சுருட்டுவதுபோல மெதுவாக, தன்பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது.

மருந்தின் மிச்சமாக இருக்கலாம் என்றார். போய்விடலாம். அதுவாக இல்லாமலும் இருக்கலாம். ஆறு மாதம் கழித்து வாருங்கள்.

தெரியாது என்கிறீர்கள் என்றேன். தெரியாது என்றார். எழுந்தேன். கட்டைவிரலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதில்தான் இப்போது இடம் காலியாக இருக்கிறதே.

கதவைத் திறந்தால் அந்தோணி அண்ணன் நிலைக்கு எதிரே நிற்கிறார். அடுத்தது அவர் முறை. கால் ஒட்டிக்கொண்டிருந்தது. சரோஜா அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும், என்ன சொன்னாங்க என்று கேட்டாள். கட்டைவிரலைப் பற்றிப் பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். சொல்லவும் செய்தேன், அவள் அந்த விரலை நாமக்கல் வரும்வரை தன் கைக்குள் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆனால் அந்த வாசலில் நான் சொன்னது வேறு.

"கேஸ் எங்கிருந்து வருதுன்னு கண்டுபுடிச்சுட்டாங்க. உன்ற சமையலைத்தான் நிறுத்தச் சொல்லீட்டாங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் கேள்விக்காகக் காத்திருந்தேன். நெசமா, வெளையாட்டா.

அவள் கேட்கவில்லை. கையிலிருந்த பையால் என் வயிற்றில் ஒன்று வைத்தாள்.

"மூஞ்சியப் பாரு. ஆஸ்பத்திரின்னுகூடப் பாக்காம இளிச்சுக்கிட்டு."

நான் இளித்திருக்கிறேன். எனக்கே தெரியாமல்.

பிறகு அவள் அந்தோணி அண்ணனின் பக்கம் திரும்பினாள். அவர் முகம் நிலைக்கல் போல அப்படியே இருந்தது. யாராவது பார்த்தால், இந்த மனிதருக்கு எங்கள் விளையாட்டுப் பிடிக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள். சரோஜா அவர் தோளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, அண்ணன் சிரிக்கறாருங்க" என்றாள்.

நான் கதவை நன்றாகத் திறந்து பிடித்துக்கொண்டு, "போலாம் ரைட்" என்றேன். கால் எழும்பியது.